அஞ்சலையின் இடுப்பு

பச்சைக் கோடு பதினொரு சதவீதத்துக்கு வந்திருந்தது. வந்தது என்ன, வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தேவிட்டது. சசிரேகா நாற்காலியில் ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு அதையே பார்த்தாள். மடிக்காத இன்னொரு கால் தன்பாட்டுக்குத் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது, நிறுத்து என்றால் நிற்காது, இன்றைக்கு அது யார் பேச்சையும் கேட்கப்போவதில்லை. கோவை பீளமேட்டில் மூன்றாவது மாடி, பதினாலு பேர் வேலை செய்யும் வீடியோ கேம் கம்பெனி. பதினாலு கம்ப்யூட்டரில் துண்டு துண்டாகக் கிடக்கும் விளையாட்டை ஒன்றாகச் சேர்த்துக் கட்டுவதற்கு இங்கே பில்ட் என்று பெயர். அது ஓடி முடிக்க நாற்பது நிமிஷம் ஆகும், அதுவரை யாரும் எதையும் தொடக் கூடாது. தொடக் கூடாது என்றால் கைக்கு வேலை இல்லை, கைக்கு வேலை இல்லை என்றால் மனசுக்கு வேலை வந்துவிடும், சசிரேகாவின் மனசைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பதினொன்றரைக்கு வெளியிலிருந்து இரண்டு பெண்கள் வருகிறார்கள், விளையாடிப் பார்க்க. அவர்களுக்குப் பிடித்தால் அஞ்சலைக்குச் சசிரேகா செய்த இந்தப் புது உடம்பு. பிடிக்காவிட்டால் பழைய உடம்பு. டீம் லீடர் தரணி அப்படித்தான் சொல்லியிருக்கிறான், வெள்ளிக்கிழமை விளையாட்டு வெளியிடுவதற்காகப் பெங்களூருக்குப் போகிறது, அதற்குமேல் பேச்சே இல்லை என்று. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்துக்கு முன்னால் கோட்டில் நிற்கும்போது ஒன்றுக்கு வரும். இப்போதும் வந்தது. போகமாட்டேன், போய்விட்டு வருவதற்குள் கோடு நகர்ந்துவிட்டால் என்று அடக்கிக்கொண்டாள். பன்னிரண்டு.

அஞ்சலை யார் என்றால், அஞ்சலை கரண்ட்டுக் கம்பம் ஏறுகிறவள். புயலில் ஒரு ஊரே இருட்டாகிவிடுகிறது, வேண்டுமென்றே சரிசெய்யாமல் வைத்திருக்கிறாள் ஒரு மந்திரியம்மாள், அஞ்சலை தன்னந்தனியாகக் கம்பம் கம்பமாக ஏறி இறங்கித் தெருத்தெருவாக விளக்கேற்றிக்கொண்டு வருகிறாள், அவ்வளவுதான் விளையாட்டு. கதையைக் கேட்டபோதே சசிரேகாவுக்குக் கண்ணில் தெரிந்துவிட்டது, ஏறுகிறவளுக்குத் தொடை வேண்டும், தோள் வேண்டும், கம்பத்தைக் கட்டிப்பிடித்து நிற்க நல்ல கனமான இடுப்பு வேண்டும். ஆனால் கம்பெனியில் இருந்தது ஒரே ஒரு பெண் உடம்பு. பெண் ஒன்று என்று அதற்குப் பெயர், நான்கு வருஷத்துக்கு முன்னால் யாரோ செய்து வைத்துவிட்டுப் போனது. டீக்கடைக்காரியா, பெண் ஒன்றை எடு, முடியைக் கொண்டையாக்கு, புடவையைச் சுற்று. போலீஸா, பெண் ஒன்று, காக்கிச் சட்டை. பேயா, பெண் ஒன்று, முடியை அவிழ்த்துவிடு. பிடி அளவு இடுப்பு, அதற்குமேலே அந்த இடுப்பு தாங்கவே தாங்காத மார்பு, முட்டி இல்லாத கால். திருப்பூரில் ஒன்பது வருஷம் பனியன் கம்பெனியில் துணி வெட்டுக்குப் பேட்டர்ன் போட்டவள் சசிரேகா. அங்கே ஒரு சாதாரண டீசர்ட்டுக்கே ஏழு அளவு. சின்னதிலிருந்து பெரியதுக்குப் போகும்போது சும்மா பெரிதாக்கினால் போதாது, வயிறு ஒரு கணக்கில் வளரும், தோள் வேறொரு கணக்கில் வளரும், கழுத்து வளரவே வளராது. இங்கே வந்த முதல் நாள் மற்ற உடம்பெல்லாம் எங்கேங்க என்று கேட்டாள், சிரித்தார்கள், அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தாள். இருபத்து மூன்று. அட, ஓடுகிறதே. காலையில் தோளைச் சரிசெய்தது நல்லதாகப் போயிற்று. அஞ்சலை கையைத் தூக்கினால் அக்குள் பக்கம் சதை அசிங்கமாக மடிந்தது, பத்தே முக்காலுக்கு உட்கார்ந்து அவசர அவசரமாக இழுத்துவிட்டுச் சேமித்தாள். சேமித்தாள். எங்கே சேமித்தாள்? அஞ்சலைக்கென்று செய்த புது உடம்பில், பெண் இரண்டில். பெண் இரண்டில்தானே? பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய உடம்பையும் திறந்து வைத்திருந்தாள், தரணி வேறு சசிக்கா சசிக்கா பில்ட் போடறேன் என்று தலைக்குமேல் நின்றான். பெண் இரண்டில்தான். வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்தோமா என்று பஸ் ஏறிய பிறகு வருமே, அந்தச் சந்தேகம்தான் இது. விடு.

விட்டாள். விட்ட இடத்தில் குளியலறை வந்து நின்றது. மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவர் மகள் இனியாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருந்தார், சசிரேகா கதவைத் தாழ்போட்டுக்கொண்டு திருப்பூரிலிருந்து கூடவே வந்த மஞ்சள் இஞ்ச் டேப்பை எடுத்தாள். அஞ்சலைக்கு அளவு வேண்டும், ஊரில் யாரிடம் போய் உங்கள் தொடையைக் கொஞ்சம் அளக்கட்டுமா என்று கேட்பது? கைக்கெட்டிய உடம்பு இதுதான். முதலில் வயிற்றைச் சுற்றி டேப்பை வைத்ததும், ஆளே இல்லாத குளியலறையில், யாருக்காகவோ மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள். முப்பத்தெட்டு. கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள், ஏ கழுதை, டேப்புகிட்டயே பொய் சொல்றியா என்று சத்தமாகவே திட்டினாள், மூச்சை விட்டாள். நாற்பது. நாற்பது என்று எழுதினாள். இடுப்பு நாற்பத்தாறு, மேல்கை பதினைந்து, தொடை இருபத்தேழு, இனியா பிறந்த தழும்புக்கு மேலே தொங்கும் சின்ன மடிப்பு, அதையும் விடவில்லை. எழுத எழுத வெட்கம் போய் ஒரு குஷி வந்தது, இத்தனை வருஷம் கூடவே இருந்தும் சரியாகப் பேசாத ஒருத்தியோடு உட்கார்ந்து பேசியதுபோல இருந்தது. யாருக்கும் சொல்லவில்லை. அதனால்தான் மீட்டிங்கில் எல்லாரும் இருக்கும்போது தரணி, பாவம் நல்ல பையன், மரியாதையாகத்தான் சொன்னான், “சசிக்கா, எல்லாம் சூப்பருங்க. இடுப்புல மட்டும் ஒரு நாலு இஞ்ச் எடுத்துருங்களேன்.” எடுக்க முடிந்தால் நான் எடுத்திருக்கமாட்டேனாடா என்று வாய் வரைக்கும் வந்தது. “கம்பம் ஏறறவளுக்கு இடுப்பு வேணுமில்லீங்க தரணி,” என்றாள். “அது சரிங்கக்கா, விளையாடறவங்களுக்குப் புடிக்கோணுமே,” என்றான். புடிக்கோணுமே. அந்த ஒரு சொல் நான்கு மாதமாக முதுகில் உட்கார்ந்திருக்கிறது. அஞ்சலையைப் பிடிக்கவில்லை என்று சொன்னால் அவர்கள் யாரைச் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த இன்னொரு ஆள் இனியா மட்டும்தான். ஏழு வயசு, ஒரு நாள் லேப்டாப் பக்கமாகப் போனவள் நின்றாள், திரையில் அஞ்சலையின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. “அம்மா, நீ எதுக்கு கம்பத்துல ஏறற?” சசிரேகா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, இது நமக்குள்ள இருக்கட்டும் என்று ஒரு குச்சி ஐஸ் விலை கொடுத்தாள். கோடு முப்பத்தொன்பதில். பெண் இரண்டில்தானே சேமித்தேன்?

திரும்பவும் அதேதான். அதென்ன, நகத்தில் நூல் மாட்டினதுபோல. பார்த்துவிட்டால் தீர்ந்தது, பார்ப்பதற்கு ஒரு நொடி, எதையும் தொட வேண்டியதில்லை, கடைசியாகச் சேமித்த நேரம் கோப்பின் பக்கத்திலேயே எழுதியிருக்கும். பார்க்க மாட்டேன் என்றது ஒரு மனசு, பார்த்தால் தெரிந்துவிடும். தெரியத்தானே பார்ப்பது என்றது இன்னொன்று. நாற்பத்து நான்கு. பார்த்தாள். பெண் இரண்டு, நேற்று மாலை ஆறு பன்னிரண்டு. பெண் ஒன்று, இன்று காலை பத்து நாற்பத்தெட்டு. கால் தாளத்தை நிறுத்திக்கொண்டது. அப்படியென்றால், அப்படியென்றால், பழைய உடம்பு இருந்த இடத்தில் இவள் உடம்பு போய் உட்கார்ந்திருக்கிறது, பெண் ஒன்றின் மேல் நிற்கும் எல்லாரும், எத்தனை பேர், நாற்பத்தொரு பேர், டீக்கடைக்காரி, போலீஸ், ஜவுளிக்கடை விளம்பரப் பலகையில் சிரிக்கிறவள், பேய், கடவுளே, மந்திரியம்மாள், அத்தனை பேரும் இப்போது சசிரேகா. அஞ்சலை ஒருத்திக்கு மட்டும் நேற்றைய தோள், நேற்றைய மடிப்பு. துணி? துணி கிழியாது, உடம்பு பெருத்தால் துணியும் கூடவே பெருக்கும்படி எல்லா உடையையும் கட்டிவைத்தது யார், இதே மகராசிதான், திருப்பூர் புத்தி. இத்தனைக்கும் நடுவில் தொண்டையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், அதை வாயைப் பொத்தி இருமலாக மாற்ற வேண்டியதாயிற்று. சிவப்புப் பட்டன் அதோ இருக்கிறது. அழுத்தினால் பில்ட் நிற்கும், முதலிலிருந்து நாற்பது நிமிஷம், வந்தவர்கள் அவ்வளவு நேரம் இருக்கமாட்டார்கள், இன்றைக்குச் சோதனை இல்லையென்றால் வெள்ளிக்குள் இல்லை, இல்லையென்றால் பழைய உடம்பு. அழுத்தாவிட்டால் இந்தக் கூத்து பெரிய டிவியில் ஓடும், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், சிரித்த கையோடு அஞ்சலையும் போவாள். எப்படிப் போனாலும் போவாள். தரணியிடம் சொல்லிவிடலாம் என்று எழுந்தாள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவன் போனில் இருந்தான், இவளைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். பதிலுக்கு இவளும் கட்டைவிரலைத் தூக்கினாள், என்ன புத்தியோ. திரும்பி வந்து உட்கார்ந்தாள். அறுபத்தொன்று. உண்மையைச் சொன்னால், சொல்லத்தான் வேண்டும், பயத்துக்குக் கீழே வேறொன்று குதித்துக்கொண்டிருந்தது, அவளுக்குப் பார்க்க வேண்டும். அந்த நாற்பத்தொரு பேரையும் பார்க்க வேண்டும். பேய்க்கு நாற்பத்தாறு அங்குல இடுப்பு இருந்தால் எப்படி மிதக்கும்? பட்டுப் புடவையில் மாடிப்படி இறங்கும் மந்திரியம்மாள் எப்படி இறங்குவாள்? பட்டன் பக்கம் போய்விடக் கூடாது என்று வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள், கை மரத்துப்போகும்வரை, எழுபது, எண்பத்தாறு, தொண்ணூற்றொன்பதில் ஒரு யுகம், நூறு.

வந்தவர்களில் ஒருத்தி குணவதி, பேங்கில் கேஷியர், நாற்பதுக்குமேல், போனில் விளையாடுவதோடு சரி என்று சொல்லிக்கொண்டே முன்னால் வந்து உட்கார்ந்தாள். இன்னொருத்தி ஷப்னா, காலேஜில் படிக்கிறவள், நல்ல உயரம், ஒல்லியென்றால் அப்படியொரு ஒல்லி, உட்கார்ந்ததும் முழங்கையை மடியில் ஒளித்துக்கொண்டாள். சோதனை நடக்கும்போது கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு, செய்தவர்கள் எல்லாரும் பின்னால் சுவரோரமாக நிற்க வேண்டும், ஒரு வார்த்தை பேசக் கூடாது, வழி சொல்லக் கூடாது, விளையாடுகிறவர்கள் தப்பான சந்தில் போய் முட்டிக்கொண்டு நின்றாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். சசிரேகா பல்லைக் கடித்தாள். திரை இருட்டு, மழைச் சத்தம், அஞ்சலை நடந்து வந்தாள், பெரிய டிவியில், ஆள் உயரத்துக்கு, முதுகைக் காட்டிக்கொண்டு, என் முதுகு, என் பின்னங்கழுத்து, நடக்கும்போது வலது கால் கொஞ்சம் வெளியே போகிறதே அதுவும் நான்தான், யாருக்காவது தெரிகிறதா, பக்கத்தில் நிற்கிறவன் திரும்பிப் பார்க்கிறானா, இல்லை, எல்லாரும் கம்பத்தைப் பார்க்கிறார்கள். குணவதி பட்டனை அழுத்தினாள், அஞ்சலை கம்பத்தைப் பிடித்தாள், கையைத் தூக்கினாள், அக்குளில் அந்தப் பாழாய்ப்போன மடிப்பு விழுந்தது, சசிரேகா கண்ணை மூடிக்கொண்டாள். “ஐயோ பாரேன், எனக்கும் இப்படித்தான் மடியும்,” என்றாள் குணவதி, “ஜாக்கெட் தைக்கறவன் திட்டிக்கிட்டே தைப்பான்.” அடுத்த நொடி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். “ஏறு தங்கம். ஏறு. விட்றாத. இன்னொரு புடி, இன்னொரு புடி, அம்மாடி!” தெருவில் முதல் விளக்கு எரிந்தது. சசிரேகா கண்ணைத் திறந்தபோது திரை மங்கலாக இருந்தது, இருமல் இல்லை இந்த முறை, அழுகைதான், சந்தோஷத்தில் வருவது. பிறகு டீக்கடை வந்தது. டீக்கடைக்காரி கனமான கையால் டீயை உயரத் தூக்கி ஆற்றினாள், முதல் தடவையாக அவளைப் பார்த்தால் நிஜமாகவே டீ ஆற்றுகிறவளாகத் தெரிந்தது. தரணியின் கழுத்து மெல்லத் திரும்பி இவளைத் தேடியது, சசிரேகா கூரையைப் பார்த்தாள். போலீஸ்காரி லத்தியோடு வழிமறித்தாள், பெல்ட்டுக்கு மேலே வயிறு, அவளிடம் யார் வாலாட்டுவார்கள். பேய் மிதந்தது, நன்றாகவே மிதந்தது. மாடிப்படியில் மந்திரியம்மாள் இறங்கினாள், ஒவ்வொரு படிக்கும் பட்டுப் புடவை அசைய, அவசரமே இல்லாமல், ஊரையே இருட்டில் போட்டவள் இப்படித்தான் இறங்குவாள். “யாத்தே, இவளப் பாத்தா பயமா இருக்கே,” என்று குணவதி பின்னால் சாய்ந்தாள். யாரும் சிரிக்கவில்லை. சசிரேகா ஒரு சிரிப்புக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள், வரவில்லை, வராதது ஏன் என்றும் புரியவில்லை.

வந்தது கேள்வி. விளையாட்டு குணவதியிடமிருந்து ஷப்னாவின் கைக்குப் போயிருந்தது, அவள் சந்தை நடுவில் அஞ்சலையை நிறுத்திவிட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். “அண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா? இந்த ஊர்ல பொம்பளைங்க எல்லாத்துக்கும் ஏன் ஒரே உடம்பு?” தரணிக்கு முகம் வெளுத்துவிட்டது. “அது வந்துங்க, பில்ட்ல ஏதோ தப்பாயிருச்சு. பழையபடி மாத்திடுவோங்க, இதோ இப்படி இருக்கும்,” என்று சுவரைக் காட்டினான். சுவரில் கம்பெனியின் முந்தைய விளையாட்டின் பெரிய போஸ்டர், ஏழு பெண்கள் வரிசையாக நின்றார்கள், மூன்று வருஷமாக அங்கேயே நிற்கிறார்கள். ஷப்னா போஸ்டரைப் பார்த்தாள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, பிறகு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு. “இதுலயும் ஒரே உடம்புதானேண்ணா?” என்றாள். “ஆமா,” என்றாள் குணவதி, “மயிரு மட்டும் வேற வேற.” எல்லாருடைய தலையும் போஸ்டர் பக்கம் திரும்பியது. சசிரேகாவின் மனசு ஓடியது பாருங்கள் ஓட்டம், நான்கு வருஷம், இரண்டு விளையாட்டு, எத்தனை பேர் விளையாடி எத்தனை குறை எழுதினார்கள், கண் சிமிட்டவில்லை, முடி பளபளக்கவில்லை, புடவைக் கலர் சரியில்லை, ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை, பெண் ஒன்று நாற்பத்தொரு தடவை வந்தபோது அது ஊர், நான் நாற்பத்தொரு தடவை வந்தால்தான் அது தப்பு. கோபம் சுருக்கென்று ஏறியது, ஏறின வேகத்தில் இன்னொன்றும் தெரிந்தது, நானும்தானே தப்பு, ஊர் முழுக்க நானே நின்றால் இந்த ஷப்னா எங்கே நிற்பாள்? போஸ்டரிலும் அவள் இல்லை, அந்த மார்பும் அந்த இடுப்பும் இவளுடையதும் இல்லை, யாருடையதும் இல்லை. கம்பெனிச் சட்டம் போய்ச் சாகட்டும் என்று சுவரை விட்டு முன்னால் வந்தாள். “தப்பு என்னுதுங்க. காலைல அவசரத்துல பழைய உடம்பு மேலயே சேமிச்சுட்டேன்.” இன்னும் ஒரு அடி முன்னால் வந்தாள். “அந்த உடம்பும் என்னுதுதானுங்க. என் அளவு.” தரணி அவளைப் பார்த்தான், திரையில் முதுகு காட்டி நின்ற அஞ்சலையைப் பார்த்தான், திரும்ப அவளைப் பார்த்தான், காது நுனி வரைக்கும் சிவந்துபோனான். “சசிக்கா. நான் அன்னிக்கு, அந்த நாலு இஞ்ச்சு…” “உடுங்க தரணி,” என்றாள். குணவதி எழுந்து வந்து சசிரேகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், பிடித்தபடியே தரணியிடம், “எம் புள்ள அஞ்சலை மேல கை வச்சீங்கன்னா பாத்துக்கங்க,” என்றாள். தரணி வேகமாகத் தலையாட்டினான். ஷப்னா மட்டும் எழவில்லை. “அக்கா,” என்றாள் சின்னக் குரலில், “என்ன மாதிரி யாராச்சும் இருக்காங்களா உள்ள? ஹீரோயினா வேண்டாம். டீக்கடையில நின்னு டீ குடிக்கறவளாவாச்சும்?” சசிரேகா தன் மேஜை இழுப்பறையைத் திறந்தாள், உள்ளே மஞ்சள் டேப் சுருண்டு கிடந்தது. “எந்திரிங்க கண்ணு,” என்றாள், அவளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள், “நம்பர் மட்டும் சத்தமாச் சொல்றேன், எழுதிக்கங்க,” என்று கதவு வழியாகத் தரணிக்குக் குரல் கொடுத்தாள். ஷப்னா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள், டேப் வயிற்றைச் சுற்றி வந்ததும் மூச்சை நிறைய இழுத்து, இல்லாத தொப்பையைப் பெரிதாகத் தள்ளிக்கொண்டாள். “தள்ளாதீங்க கண்ணு. சும்மா உடுங்க,” என்றாள் சசிரேகா. ஷப்னா மூச்சை விட்டாள். “இருபத்து நாலரை!” என்று சசிரேகா கத்தினாள். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “இருபத்து நாலரை, எழுதியாச்சுங்கக்கா,” என்றான் தரணி.